விமானம் தேடிய படகுக்காரர்

ஐம்பதுகளில், போடிமெட்டுக்கு அப்பால் பெரிய ஏரி ஒன்றில் சிறு விமானம் விழுந்து மூழ்கியது. ஓட்டியவர் நீந்திக் கரையேறிவிட்டார். விழுந்த இடம் மட்டும் அவருக்கு நினைவில்லை. தேட வந்த வடநாட்டு அதிகாரிக்கு மொழிபெயர்க்க, போடி ஏலக்காய்க் கடைக் குமாஸ்தாவான என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

எங்களுக்குப் படகு வலித்தவர் ஒரு மீன்பிடிக்காரர். ஒல்லி உடம்பு, காவியேறிய பல், வேட்டிமேல் அகலமான காக்கி வார். மூன்று நாள் ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். அதிகாரி கொக்கிக் கயிறு இறக்கிய இடமெல்லாம் சேறுதான் வந்தது.

நண்பகலானால் மட்டும் ஒரு மொட்டைப் பாறைக்கு நேரே படகை நிறுத்தித் தூண்டில் போடுவார். உடனே கெண்டை மாட்டும். சாப்பாட்டு நேரம் என்பதால் கொக்கியை யாரும் தொடமாட்டோம். கரையில் அவர் சுட்டுத் தருவதை அதிகாரி முள்ளோடு தின்பார்.

மூன்றாம் நாள், அடுப்பருகே குந்தியிருந்தவரின் வாரைக் கவனித்தேன். பூட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘தரையிறங்குமுன் இறுக்கிக் கட்டவும்.’

"இது எங்கண்ணே கிடைச்சுது?" என்றேன் மெதுவாக.

"தூண்டில்ல மாட்டுச்சு அப்பு."

"அப்ப விமானம் அந்தப் பாறைக்கு நேராவா கிடக்கு?"

"மீனெல்லாம் அதுக்குள்ளதான குடியிருக்கு. அதத் தூக்கிட்டுப் போயிட்டா மீனு எங்க போகும், நான் எங்க போவேன்?"

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

வாயிலிருந்த மீனை விழுங்கினேன். "நாளைக்கு எதிர்க்கரையில் தேடலாம் என்கிறார்."

படகுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த பெரிய துண்டு எனக்குத்தான் வந்தது.