மூன்றாவது செட் கம்பிகள்

தலை இல்லாத பேஸ் கிட்டார் அது. கழுத்து முடிகிற இடத்தில் முறுக்காணிகள் இருக்காது. நறுக்கிவிட்டாற்போல் ஓர் இரும்புப் பட்டை, அதில் நான்கு துளை, நான்கு ஆலன் திருகு. சுருதி கூட்டும் குமிழ்களெல்லாம் மறுமுனையில், கிட்டாரின் அடிவயிற்றில். ஞாயிறு ஆராதனைக்கு வீடு இருக்கும் வானவடியிலிருந்து ஸ்கூட்டரில் முதுகில் மாட்டிக்கொண்டு போனால் யார் வண்டிக் கண்ணாடியிலும் இடிக்காது என்றுதான் வாங்கினேன்.

வாரத்தின் மற்ற நாட்களில் என் வாத்தியம் ஒரு சிறு சுத்தியல். ஊரின் மறுகோடியில், போசரியில் ஒரு தொழிற்சாலை. வெளியிலிருந்து வரும் வார்ப்பு இரும்புத் துண்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டுத் தட்டுவேன். மணிபோல் கணீரென்றால் நல்லது. பானைபோல் மொத்தென்றால் உள்ளே விரிசல், சிவப்புத் தொட்டிக்குப் போகவேண்டியதுதான். பக்கத்து ஷெட்டில் பிரஸ் இடிக்கிற இடியில் தரை அதிரும். அதற்கு நடுவிலும் என் காது தப்பாது என்று பதினெட்டு வருடப் பெயர். அந்தப் பெயரைச் சம்பளத்தைவிட அதிகமாக நேசித்தேன்.

சென்ற மாதம் கிட்டாரின் கம்பிகள் செத்துவிட்டதாகத் தோன்றியது. அடித்தால் ஒலி வந்தது, ஒளி வரவில்லை. கம்பி மாற்றுகிறவனுக்கு முதலில் ஒரு தேர்வு உண்டு: மேலே தட்டையான பட்டை சுற்றிய கம்பி மென்மையாக முனகும், உருண்டைச் சுற்று பளீரென்று பேசும். எனக்கு வேண்டியது பளீர். உருண்டையை வாங்கினேன்.

முதல் செட்டில் ஒரு தப்பு செய்தேன். குண்டு முனையைக் குமிழின் பக்கத்தில் மாட்டி, மறுமுனையைப் பட்டையின் துளைக்குள் விட்டு, திருகை இறுக்கிய பிறகுதான் மிச்சத்தை வெட்டவேண்டும். நான் அவசரக்காரன். இறுக்குவதற்கு முன்பே கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டேன். தடித்த கம்பியின் மேல்சுற்று உள்கம்பியை விட்டுத் தளர்ந்தது. போர்வை நழுவினதுபோல ஆகிவிட்டது. அது மந்தமாக ஒலித்தது நியாயம். ஒழுங்காக மாட்டிய மற்ற மூன்றும் மந்தமாகத்தான் இருந்தன. அதற்கும் அந்தத் தப்பையே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது செட்டை மூச்சடக்கி மாட்டினேன். இறுக்கினேன், வளைத்தேன், பிறகுதான் வெட்டினேன். அதுவும் மந்தம். கேம்ப் கடைத்தெருவில் கம்பி விற்றவரிடம் போய், போலிச் சரக்கு என்று குரலை உயர்த்தினேன். அவர் என் கிட்டாரை வாங்கி நாலு தட்டுத் தட்டி, என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே கூர்மையாகப் பேசும் எஃகுக் கம்பி செட் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அதே வாரம்தான் வார்ப்படக்காரர் வந்தது. சின்னப் பட்டறை வைத்திருக்கும் மராட்டியர், என்னைவிட மூத்தவர். அவருடைய துண்டுகள் இரண்டு மாதமாகச் சிவப்புத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தன. இந்த மாதமும் இப்படிப் போனால் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள், பட்டறையை மூடவேண்டும் என்றார். "சாஹேப், ஏக்தா பரத் வாஜவூன் பகா," இன்னொரு முறை தட்டிப் பாருங்கள், என்றார். தட்டினேன். மொத். என் காது பொய் சொல்லாது என்று இந்தியில் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு மதியம். சாப்பாடு முடிந்து மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து எஃகுக் கம்பிகளை மாட்டி முடித்து, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, கழுத்தின் மேல் விரலை மேலும் கீழும் ஓட்டினேன். மறுபடியும் அதே மந்தம்.

"என்னங்க, அத நிப்பாட்டுங்க. பல்லு கூசுது," என்றாள்.

எதை என்று கேட்டேன்.

"விரல நகத்தும்போதெல்லாம் கீச்சு கீச்சுன்னு எலி மாதிரி கத்துதே. கேக்கலையா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கிட்டாரை அவளிடம் நீட்டினேன். அவள் நகத்தால் கம்பியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்; இழுத்த அவளே தோளைக் குறுக்கினாள். நகம் நகர்வதைப் பார்த்தேன். நகர்வது மட்டும்தான் இருந்தது. இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன். இன்னொரு முறை. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாஷிங் மெஷின் முடிஞ்சு பீப் பீப்னு கத்தும்போது நீங்க எந்திரிக்கிறதே இல்ல. சோம்பேறித்தனம்னுல்ல நெனச்சேன்."

நம் மெஷினுக்குச் சத்தம் உண்டா என்றேன். என் குரல் எனக்கே வேறெங்கிருந்தோ வந்தது. கம்பி சாகவில்லை. முதல் செட்டின் மூன்று கம்பிகளும் சாகவில்லை, இரண்டாவது செட்டில் எதுவும் சாகவில்லை. உலகத்துச் சத்தங்களின் மேல்தட்டு முழுவதும், கீச்சும் கணீரும் பளீரும், எப்போதோ எனக்குத் தெரியாமல் எழுந்து வெளியே போயிருக்கிறது. கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சிவப்புத் தொட்டி நினைவுக்கு வந்தது. திருகு முடுக்க எடுத்திருந்த ஆலன் கீ கையிலிருந்து கீழே விழுந்தது. டைல்ஸ் தரை. மனைவி திரும்பிப் பார்த்ததால்தான் அது சத்தத்தோடு விழுந்ததென்று தெரிந்தது.

திங்கள் காலை சுத்தியலை எடுக்கவில்லை. மேலாளரிடம் சொன்னேன், என்ன வார்த்தைகளில் என்று நினைவில்லை. தொட்டியைத் திறக்கச் சொல்லி, வார்ப்படக்காரரையும் வரவழைத்தார்கள். அவரே தன் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுத் தட்டினார். நான் துண்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அதில் ஏதோ தளர்ந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். எதிரே நின்ற மேலாளர் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு மொத். அடுத்தது. மொத்.