சோலைவரி

எங்கள் ஒழுங்கைக்குச் சோலைவரி வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை என்பதால், தமிழில் எனக்குத் தெரியாத சொல்லே கிடையாது என்ற நினைப்பு. சோலை என்றால் மரஞ்செடிகள் நிறைந்த இடம். வரி என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுவது. ஆகவே சோலைவரி என்பது மரஞ்செடிகளுக்குக் கட்டும் வரி. இதில் யாரையும் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்கும் அதைச் சுற்றிய வளவுக்கும் பிரதேச சபை வாங்கும் வரிக்கு எங்கள் நாட்டில் எந்தப் புண்ணியவான் இந்தப் பெயரை வைத்தானோ தெரியாது. வைத்தவன் எங்கள் முற்றத்தை ஒருதரம் பார்த்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பான்.

ஏனென்றால் எங்கள் முற்றம் உண்மையிலேயே சோலைதான். அப்பா கட்டாரில் கம்பி கட்டினார், அம்மா வீட்டில் பூக்கன்று வளர்த்து விற்றார். பழைய பெயின்ட் வாளி, பால்மா டின், உடைந்த பானை என்று மண் கொள்ளக்கூடிய எதையும் அம்மா விட்டுவைத்ததில்லை. ரோசா, குரோட்டன், செவ்வரத்தை, ஒட்டுமா, தேசி எல்லாம் இருந்தன. மட்டக்களப்பு டவுனிலிருந்துகூட ஆட்கள் ஓட்டோ பிடித்து வந்து வாங்கிப் போவார்கள். கைராசிக்காரி என்று அம்மாவுக்குப் பெயர்.

அந்த ராசியெல்லாம் ஐப்பசி வரைக்கும்தான். மாரி மழை பிடித்தால் ஒழுங்கை முழுவதும் தண்ணீர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆறு இருப்பதோ ஒழுங்கையின் முடிவில், கூப்பிடு தூரத்தில். தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதுதான் நியாயம். அது போகாமல் எங்கள் வளவுக்குள் வந்து குந்திக்கொள்ளும், கன்றுகள் வேர் அழுகிச் சாகும். முந்தின மாரியில் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த மாரியும் அப்படியானால் வாளிகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டுக் கார்மன்ட்ஸ் வேலைக்குப் போவேன் என்று சொல்லிவிட்டார். விடியமுன் பஸ் ஏறிப் பொழுதுபட்டு வரும் வேலை அது. அம்மா இல்லாத வீட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தண்ணீர் ஏன் போகவில்லை என்பது ஒழுங்கையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மாவின் அப்பா தன் காணியைப் பிரித்து ஆற்றுப் பக்கத்தை மூத்த மகளான பெரியம்மாவுக்கும், ரோட்டுப் பக்கத்தை இளைய மகளான அம்மாவுக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார். இரண்டு வளவுக்கும் பின்னால் ஒரு பழைய கான் ஓடியது. மழைத் தண்ணீர் வடியும் வாய்க்காலுக்கு எங்கள் ஊரில் கான் என்று பெயர். பெரியப்பா மதில் கட்டியபோது தன் பக்கத்துக் கானையும் சேர்த்து உள்ளே எடுத்து, மண் போட்டு நிரப்பி, மேலே வாழை வைத்துவிட்டார். அவருக்கு எதிரே வாய் திறப்பவர் யாரும் இல்லை. அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய் வளர்த்தவர் பெரியம்மா. அக்காவின் புருசனோடு சண்டை பிடித்தால் அக்காவையும் இழக்க வேண்டும். ஆகவே அம்மா மழையைத்தான் திட்டுவார். நானும் அம்மாவுடன் சேர்ந்து மழையைத் திட்டினேன்.

வரிச் செய்தியைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி, ஓட்டோ ஓட்டுகிறவர். பொய் சொல்வதை ஒரு பொழுதுபோக்காக, பிரதிபலன் பாராமல் செய்கிறவர்.

“இனி மூச்சு விடுறத்துக்கும் வரிதான் அக்கா,” என்றார்.

அம்மா ஒரு ரோசாக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். “வரட்டும். வரி கட்டினா சபையில போய்க் கேக்க எனக்கும் வாய் வரும்,” என்றார்.

அம்மாவுக்கு விசயம் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமா ஓட்டோவுக்குத் திரும்பும்போது பின்னால் ஓடிப்போய், எங்கள் கன்றுகளுக்கும் வரி உண்டா என்று கேட்டேன். மாமா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“உங்கட வளவு சோலை இல்லாம வேறென்ன புள்ள? வாளி வாளியா எண்ணித்தான் எழுதுவாங்க. ரோசாவுக்குக் கூட. முள்ளிருக்கெல்லோ,” என்றார்.

அன்று பின்னேரம் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த சின்னக் கேற்றடியில் அம்மாவும் பெரியம்மாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டார்கள். கடைசியாகக் காதில் விழுந்தது பெரியம்மாவின் குரல். “மூண்டாம் ஆள்தான் வரோணும் தங்கச்சி. நீ போய்ச் சொல்லு.” யார் அந்த மூன்றாம் ஆள் என்று யோசித்துப் பார்த்து, வரிக்காரர்தான் என்று முடிவு செய்தேன். இரண்டு பேரும் வெற்றிலை வைத்து வரியை அழைக்கிறார்கள்! இந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை என்பது தெளிவாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் அம்மா நல்ல சீலை உடுத்துக்கொண்டு சபைக்குப் போய்வருகிறேன் என்று புறப்பட்டார். பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவின் தலை மறைந்ததும் வேலையைத் தொடங்கினேன். பின்வேலியோரம் புல்லும் நாயுருவியும் மூடிய ஒரு நீளப் பள்ளம் இருந்தது. மாரி தவிர்ந்த காலத்தில் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உடுப்பு ஊறப்போடும் பேசினுக்குள் டின்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போய், பள்ளத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினேன். பெரிய வாளிகளை உருட்டியும் இழுத்தும் கொண்டுபோனேன். அம்மா பழக்கிய ஒழுங்கு, எதையும் கோணலாக வைக்கத் தெரியாது. எங்கள் எல்லையிலிருந்து பெரியப்பாவின் மதில் வரைக்கும் நேர்வரிசை. முடித்துவிட்டு முற்றத்தைக் கூட்டி, மொட்டையாகக் கிடந்த நிலத்தைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே பெருமதிப்பு வந்தது.

அம்மா தனியே வரவில்லை. எங்கள் வட்டாரத்து மெம்பர் ஸ்கூட்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் ஆற்றங்கரைப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த பெண். சபைக்குத் தெரிவான பிறகும் தையலை விடாதவர். ஒழுங்கை லைட் எரியாவிட்டால் சனங்கள் சட்டை அளவு கொடுக்கிற சாட்டில் போய் அவரிடம் சொல்லிவிட்டு வருவார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஓட்டமாவடியிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர், எங்கள் ஊரில் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. அவருடைய கையில் அளவுநாடாவைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை. இவர்தான் வரிக்காரர்.

அம்மா முற்றத்தைப் பார்த்தார். “ஐயோ, என்ட கண்டெல்லாம் எங்க?” என்று தலையில் கை வைத்தார்.

நான் கண்ணைக் காட்டினேன், உதட்டைக் கடித்தேன், அம்மா எதையும் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டுப் பெரியப்பா சின்னக் கேற்றால் வந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மா, சீலைத் தலைப்பை வாயில் பிடித்துக்கொண்டு.

“களவு போனத்தப் பிறகு பாப்பம், மறுகா பொலிசுக்குச் சொல்லுவம். இப்ப இஞ்ச ஓடின கான் எந்தப் பக்கம்?” என்று உத்தியோகத்தர் கேட்டார்.

“கானா? இஞ்ச அப்பிடி ஒரு கானும் இருந்ததில்ல சேர்,” என்றார் பெரியப்பா. “ஆரோ பிழையாச் சொல்லியிருக்காங்க.”

மெம்பர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அப்போது எனக்குப் பயம் பிடித்தது, அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று. முன்னால் வந்து, வகுப்பில் பாடம் ஒப்புவிக்கும் குரலில் சொன்னேன்:

“சோலையும் இல்ல சேர்! எங்கட வளவில ஒரு கண்டும் இல்ல. வடிவாப் பாருங்க!”

அவர் வடிவாகப் பார்த்தார். அதுதான் பிழையாகிப்போனது. மாதக்கணக்கில் மழை இல்லாமல் பின்பக்கப் புல்லெல்லாம் மஞ்சளாகக் கிடக்க, அதற்கு மேலே சிவப்புக் குரோட்டன்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலை நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அங்கே நடந்தார், நாங்கள் எல்லோரும் பின்னால் நடந்தோம். வாளியும் டின்னும் பள்ளத்துக்குள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அவர் வரிசையோடு போய்ப் போய், வரிசை முடிந்த இடத்தில் மதிலில் கையை வைத்து நின்றார்.

“கான் இல்லையெண்டீங்க. இந்தச் சின்ன மகள் கோடு போட்டே காட்டியிருக்கா,” என்றார். பிறகு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “வாழை நல்ல செழிப்பு.”

பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. “இது எங்கட குடும்ப விசயம். எங்கட குடும்பத்துக்குள்ள வர நீங்க ஆர்?” என்று சத்தம் போட்டார்.

மெம்பர் சத்தம் போடவில்லை. சட்டைக்கு அளவெடுக்கிறவரின் அதே சாதாரணக் குரலில் சொன்னார். “குடும்பத்துக்குள்ள ஆரும் வரல்ல அண்ணன். கானுக்குள்ளதான் வந்திருக்கம். கான் சபைட. அதுக்குச் சீதனப் பங்கு கிடையாது.”

பெரியப்பா அதற்குமேல் செய்யாததில்லை. எம்.பி.க்குச் சொல்லி எல்லோரையும் இடமாற்றுவேன் என்றார். எம்.பி.யின் போன் தேர்தல் முடிந்த நாளிலிருந்து ஓய்வில் இருந்தது. மாமா தானே அவரை ஓட்டோவில் டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போய், மூடிக்கிடந்த அலுவலகத்தின் முன்னால் இறக்கி, ஏற்றி வந்தார். பெரிய அரசாங்கம் எல்லாம் தூரத்தில் இருக்கும், படத்தில் சிரிக்கும். சபை என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்திலுள்ள அரசாங்கம், திரும்பிப் பார்க்காவிட்டால் அடுத்த நாள் சந்தையில் வைத்துக் கேட்கலாம். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, எங்கள் வளவில் பார்த்ததால் தெரியும்.

கான் வெட்டினார்கள். பெரியப்பாவின் மதிலுக்குக் கீழே பெரிய கொங்கிரீட் குழாய் இறக்கி, மேலே மதிலைத் திரும்பக் கட்டியும் கொடுத்தார்கள். அந்த மாரியில் தண்ணீர் ஒழுங்கைக்கு வந்தது, எங்கள் வாசலில் ஒரு நிமிடம் யோசித்தது, பிறகு கானுக்குள் இறங்கி மரியாதையாக ஆற்றுக்குப் போனது. அம்மா கார்மன்ட்ஸுக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா முற்றத்தில், கை நிறைய மண்ணோடு நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

வரிக் கடிதமும் வந்தது, வளவு அம்மாவுடையது என்பதால் அம்மாவின் பெயருக்கு. தன் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, திரும்பவும் அந்த நல்ல சீலையை உடுத்துக்கொண்டு அம்மா கட்டப் போனார். சோலைக்கு வரி கட்டிக் கானை வாங்கிய ஏமாளி அம்மா என்று நினைத்தேன். தமிழ்ப் புத்தகத்தில் கான் என்றால் காடு என்று வேறு போட்டிருந்தது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஆனால் அந்த வருசம் எனக்கு ஒன்றுமே விளங்காமல் போனது வேறொரு விசயம். மதிலை உடைக்கவும் மண் வெட்டவும் பெக்கோ இயந்திரம் வந்த காலை. பெரியப்பா அதைப் பார்க்க மாட்டேன் என்று வயல் வட்டைக்குப் போய்விட்டார். அவருடைய சைக்கிள் ஒழுங்கை திரும்பியதுதான் தாமதம், பெரியம்மா தட்டு நிறையத் தேத்தண்ணியும் அவித்த கிழங்கும் கொண்டு வந்தார். தன் மதிலை உடைக்க வந்த பெக்கோக்காரனுக்கு முதல் கோப்பையைத் தன் கையால் நீட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. என்ட தங்கச்சிர வளவுத் தண்ணி முழுக்கப் போகோணும்.”

அம்மா கேற்றடியில் நின்று இதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். நான் கிழங்கைத் தின்றுகொண்டே பெரியம்மாவுக்காகப் பரிதாபப்பட்டேன். பாவம், எதிரி யார் என்றே தெரியாத மனுசி.