பதினைந்து டிகிரி

தூண் நேராக நின்றால் அந்த மென்பொருளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். உத்தரம் மட்டமாகப் படுத்திருந்தாலும் பேசாமல் இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் போதும், கிறுக்குப் பிடித்துவிடும். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டடங்களைக் கணினியில் எழுப்பிக் கொடுப்பது என் வேலை. பத்து வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

போன வருஷம் சுங்காய் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துக்கு இரும்புக் கூரை போடும் வேலை வந்தது. முன்பு ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. அந்த வேலையை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் பக்தி இல்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டடங்களுக்கு இரும்பு உத்தரம் ஏற்றிப் பூட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருவார், இரண்டு நாள் இருப்பார், துவைத்த துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவார். கூரை செய்யப்போகிற பட்டறையின் முதலாளி, எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே, மண்டபம் தொடங்கினால் அவரை இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

சிங்கப்பூர் ஒப்பந்தம் ஆடி முதல் வாரத்தோடு முடிகிறது. கோயில் கமிட்டியோ, ஆடி பிறப்பதற்குள் முதல் தூணை நிறுத்திவிட வேண்டும், ஆடியில் எதையும் தொடங்கமாட்டோம் என்றது. என் வரைபடம் வராமல் பட்டறை ஒரு தூணையும் வெட்டாது. ஆகக்கூடி, அவர் வீடு திரும்புவது என் மௌஸில் இருந்தது.

சாய்வு உத்தரங்களை எப்படியோ ஏற்றிவிட்டேன். அவற்றின் மேல் குறுக்கே ஓடி, தகரத்தைத் தாங்கும் பர்லின்கள்தான் படுத்தின. கூரை சாய்ந்திருக்க, அவை மட்டும் பள்ளிக்கூட அசெம்ப்ளியில் நிற்பதுபோல் விறைத்து நின்றன. சாப்பாட்டு வேளையில் அவரிடம் போனில் புலம்பினேன்.

"மேலே வச்சா அதுவா சாஞ்சி உக்காரும்லா. ஒன் கம்ப்யூட்டருக்கு இதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட அழுவுறேன்?"

"அழுவாதே மா. நான் வந்து ஏத்துறேன்."

அந்த வார்த்தையில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. சரிவுக்கென்று தனித் தளம் அமைத்து அதன்மேல் வரைவதுதான் முறை. அதற்குப் பொறுமை வேண்டும். கூரைச் சரிவு பத்து டிகிரி என்பதால், நான் ஒவ்வொரு பர்லினையும் கையால் பத்து டிகிரி திருப்பி வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கமிட்டித் தலைவர் அலுவலகத்துக்கே வந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"மழை பேஞ்சா தண்ணி நிக்கக் கூடாது தங்கச்சி. இன்னும் கொஞ்சம் சரிச்சிப் போடுங்க."

பொறியாளர் பதினைந்து டிகிரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் எண்ணை மாற்றினேன். உத்தரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்தன. கையால் திருப்பிய பர்லின்கள் ஒன்றும் அசையவில்லை. பாதி உத்தரத்துக்குள் புதைந்துகொண்டன, பாதி பழைய சரிவிலேயே அந்தரத்தில் நின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முறையாகத் தளம் அமைத்து, முதலிலிருந்து தொடங்கினேன். வரைபடம் பட்டறைக்குப் போனபோது ஆடி இரண்டு.

"அதான் ஆடி பொறந்துருச்சே. ஆவணியில பாத்துக்கலாம்" என்றார் தலைவர், நல்ல மனிதர்தான். சிங்கப்பூர்க் கம்பெனி ஆவணி வரை காத்திருக்குமா? என் வீட்டுக்காரர் அங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் விளக்கு ஒன்று போனால் அவர் வரும்வரை அப்படியே விட்டுவைக்கிறேன். எனக்கு மாட்டத் தெரியாமல் இல்லை. அவர் நாற்காலிமேல் ஏறி நின்று, "இதுகூடச் செய்ய மாட்டியா?" என்று கேட்பது எனக்கு வேண்டும். அவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆவணியில் தொடங்கிய மண்டபம் தை மாதம் திறந்தது. வேறு யாரோ ஏற்றிய கூரை. விருந்துச் சத்தத்துக்கு நடுவே நின்று அவரை வீடியோவில் அழைத்து, போனை மேலே தூக்கிக் காட்டினேன்.

"சரிவு நல்லா வந்திருக்கு" என்றார். "பர்லின் எல்லாம் ஒழுங்கா சாஞ்சி உக்காந்திருக்கு."

நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன்.

"கூரை போதும் மா. மொகத்தைக் காட்டு."

"இருங்க, இன்னும் ரெண்டு பர்லின் இருக்கு" என்றேன், மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.