தொட்டிலுக்குப் போன பேர்

1978ஆம் ஆண்டுக் கார்த்திகைப் புயலில் கடல் ஏறி வந்தபோது, சாயல்குடிக்குத் தெற்கே உப்பளக் குடிசைகளில் இருந்தவர்கள் கைகோத்துக்கொண்டுதான் ஓடினார்கள். பதினான்கு வயதுப் பஞ்சம்மாளின் கை மட்டும் நழுவியது. அதைப் பிடித்திருந்தவள் தாய் கருத்தம்மாள். அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

பனந்தடியைக் கட்டிக்கொண்டு மிதந்த பஞ்சம்மாளை ஒரு வள்ளம் கீழக்கரையில் சேர்த்தது. உம்மு ஹபீபா என்பவர் தம் வீட்டில் வைத்து, முறிந்த காலுக்குக் கட்டுப்போட்டுக் காப்பாற்றினார். சாயல்குடிக்கு இருமுறை ஆள் அனுப்பினார். குடிசைகள் இருந்த தடமே இல்லை. பிழைத்தவர்கள் கமுதிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்ட செய்தி ஒரு மிளகாய் வியாபாரி வழியாக வருவதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

“போம்மா. பெத்தவ கண்ணு வத்துறதுக்குள்ள போய்ச் சேரு. அல்லா தொணை” என்று வியாபாரியோடு அனுப்பிவைத்தார்.

வீட்டு வாசலில் நின்றபோது உள்ளிருந்து தாயின் குரல் கேட்டது. “பஞ்சு, அழுகாதடி. இந்தா வந்துட்டேன்.”

“நான் அழுகலயே ஆத்தா” என்றபடி நுழைந்தாள்.

கருத்தம்மாள் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முதலில் பார்த்தது மகளின் பாதங்களை, அவை தரையில் படுகின்றனவா என்று. பிறகுதான் அலறிக் கட்டிக்கொண்டாள்.

ஊர் கூடியது. “என்ன தங்கசாமி மச்சான், இவ பதினாறுக்கு நான் தின்ன சோத்தத் திருப்பித் தரணுமா?” என்று மலையாண்டி கேட்க, தகப்பன் தங்கசாமி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அத்தை உலகம்மாள் சிரிக்கவில்லை. “செத்தவதான் வயித்துல வந்து பொறந்துருக்கான்னு இவ பேரச் சின்னதுக்கு விட்டாச்சு. இனிமே இவளையும் அதே பேரச் சொல்லிக் கூப்புட்டா பச்சப்புள்ளைக்கு ஆகாது.”

“அப்ப எம்பேரு?”

தாய் தொட்டில் கயிற்றை விடவில்லை. “நீ பெரியவ, வெவரம் தெரிஞ்சவ. விட்டுக் குடுத்துரு.”

அன்றிலிருந்து அவள் பெரியவள். அழவேண்டியதையெல்லாம் கருத்தம்மாள் தொட்டிலின் மேல் அழுது தீர்த்திருந்தாள். அன்று கட்டிக்கொண்டதோடு சரி. நழுவவிட்ட கையை அதன்பின் அவள் தொட்டதில்லை.

சின்னவள் படித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். பெரியவள் நொண்டிக் காலைச் சொல்லி இரண்டாந்தாரமாகக் கொடுக்கப்பட்டு, தாலியறுத்துத் திரும்பி வந்தாள். தங்கசாமி போன பிறகு தாய் படுக்கையில் விழுந்தபோது, பீமூத்திரம் அள்ளியவளும் உப்புச் சேர்க்கக் கூடாதென்ற டாக்டர் சொல்லைத் தட்டாமல் கஞ்சி காய்ச்சியவளும் அவளே. ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாளா என்பதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

2009ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மத்தியானம், கண்பார்வை போன கருத்தம்மாள் கூப்பிட்டாள். “பஞ்சு.”

கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். “என்ன ஆத்தா?”

“திருப்பூர்லருந்து எப்ப வந்த?”

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “இப்பத்தான்.”

தாய் துழாவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இந்தப் பெரியவ கஞ்சியில உப்பே போட மாட்டேங்குறா. நீயாச்சும் அவகிட்டச் சொல்லுடி.”

“சொல்றேன்” என்றாள் பஞ்சம்மாள்.