முப்பத்தொரு நிமிடம்

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை நாங்கள் தரையைப் பெருக்க மாட்டோம். ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் நானும் அதை மீறியதில்லை. பொங்கல் முடிந்து மகள் டெல்லிக்குத் திரும்பிய அன்றுதான் தவறினேன்.

அதுவும் கணக்குப் போட்டே தவறினேன். இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் விமானத் தூரமும் நேரமும் சொல்லும் ஓர் இணையப் பக்கம் இருந்தது. மதுரையிலிருந்து டெல்லிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், மூன்று மணி ஆறு நிமிடம் என்றது. 'கதவைச் சாத்திட்டாங்க, போனை அணைக்கிறேன்' என்று மகள் பத்து மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஒன்று பத்துக்கு வாரியலை எடுத்தேன். கூடம் முழுக்கக் கரும்புச் சக்கை.

ஒன்றரைக்கு அவள் பேசவில்லை. இரண்டு மணிக்கும் இல்லை. அழைத்தால் போன் அணைந்தே கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா, முறத்திலிருந்த குப்பையைப் பார்த்தாள்.

"ஏட்டி, பிள்ள பேசிட்டாளா?"

"மூணு மணி நேரந்தான்க்கா ஆகும். அதுல போட்டிருந்துச்சு."

"எவன் போட்டான்? வண்டிய அவனா ஓட்டுதான்?"

குப்பையை வெளியே கொட்டத் துணியாமல் முறத்தை மூலையில் வைத்தேன். கொட்டாவிட்டால் பெருக்காததற்குச் சமம் என்று ஏதோ ஒரு நினைப்பு.

இரண்டே முக்காலுக்கு மகள் பேசினாள். கதவைச் சாத்திய பிறகும் விமானம் மதுரையிலேயே முக்கால் மணி நேரம் நின்றதாம். டெல்லி வானத்தில், இறங்க முறை வரும்வரை வட்டமடித்ததாம். "இதுக்கு ஏம்மா அழுத?" என்றாள். வாரியலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தப் பக்கம் எப்படித்தான் கணக்கிடுகிறது என்று அறியும் ஆசை விடவில்லை. மறுநாள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கொடுத்துப் பார்த்தேன். பதினொரு கிலோமீட்டர், விமானத்தில் முப்பத்தொரு நிமிடம் என்றது. இரண்டு ஊரிலும் விமான நிலையமே கிடையாது.

"பஸ்ஸுக்கும் அம்புட்டுதான் ஆகுது. பொறவு எதுக்குப் பறக்கணும்?" என்றாள் அக்கா.

பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் விளக்கம் இருந்தது. நேர்கோட்டுத் தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். எந்த ஊருக்கும் அதே அரை மணி நேரம். வரிசையில் நிற்பதோ வட்டமடிப்பதோ அதில் இல்லை. என் மகள் ஏறிய விமானத்தைப் பற்றி அது எதையும் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா பஸ் ஏறப் போனாள். ஐந்தரைக்கு உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். ஆறு மணி ஒரு நிமிடம் ஆயிற்று. வாரியல் கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆறே காலுக்குப் போன் வந்தது.

"ஆள் சேரட்டும்னு ஸ்டாண்டுலயே செத்த நேரம் போட்டுட்டான். இப்பதான் எறங்குனேன். பெருக்கிட்டியாட்டி?"

"இல்லக்கா."

"சரி, இனிப் பெருக்கு."