வார்னிஷ் காயட்டும்

காயில்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை முதலில் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் புதுக் காயில் சுற்ற உட்காருவார். "தண்ணியே இல்லாம ஓட விட்டா மோட்டார் என்ன செய்யும், பாட்டா பாடும்?" என்பார். வாய் எப்படியோ, கை தங்கம். அந்த வலது கைதான், பைக்கிலிருந்து விழுந்ததில் நரம்பு அறுந்து, தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கிப்போனது.

டாக்டர்கள் தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்து மேல்கையில் வைத்துத் தைத்தார்கள். மூச்சிழுக்கும்போது வேலை செய்கிற விலா நரம்பு ஒன்றைக் கொண்டுவந்து அதோடு இணைத்தார்கள். நரம்பு தசைக்குள் வளர்ந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தசை சும்மா கிடந்தால் இளைத்துப்போகும். அதனால் பிசியோதெரபி மேடம் சின்னதாக ஒரு கரன்ட் மெஷினைக் கொடுத்து, தையல் ஆறியதும் தினமும் ஒட்டி வைக்கச் சொன்னார். லேசாகத் துடித்தால் போதும் என்றார்.

காயில்காரர் தலையாட்டினார். மனசு கேட்கவில்லை. புதிதாகச் சுற்றிய காயிலில் பூசிய வார்னிஷ் காயும் முன் கரன்ட் கொடுத்தால் புகைந்துவிடும் என்பது அவர் தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். தையல் ஆறிய பிறகும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று மெஷினை அலமாரியிலேயே வைத்திருந்தார். மனைவி கேட்டால், நீ வேலைக்குப் போனதும் வைத்தேன் என்றார். அவளும் நம்பினாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

அடுத்த முறை போனபோது மேடம் தசையைப் பிடித்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. மூச்சை இழுக்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. தினமும் மெஷின் வைத்தீர்களா என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல மேடம்" என்றாள் மனைவி முந்திக்கொண்டு.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. உண்மையைச் சொல்லிவிட்டார். வைத்திருந்தால் கட்டாயம் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நரம்பு வரும்போது தசை மிச்சம் இருக்க வேண்டுமே என்றார் மேடம்.

அதன் பிறகு மெஷினும் கையுமாகவே கிடந்தார். ஒட்டினால் துடித்தது, எடுத்தால் செத்துக் கிடந்தது. வெறிபிடித்தவர்போல் கரன்டைக் கூட்டினார், தோல் கன்றிப்போனது. மனைவி திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஒரு காலை, அவள் அந்தக் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது அவர் உடைந்துபோனார்.

"காயட்டும் காயட்டும்னு நானே எரிச்சிட்டேன். உன்கிட்ட பொய் வேற சொன்னேன்."

அடக்க முடியாமல் விம்மி விம்மி அழுதார். மேல்கையைப் பிடித்திருந்த அவளுடைய கை அப்படியே நின்றது.

"மெஷின் ஒட்டியிருக்கா?"

"இல்ல, அலமாரில இருக்கு."

"நீங்க விம்மினப்போ உள்ள ஏதோ இழுத்துச்சு."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். அப்போதும் இல்லை.

அவள் விரல்களை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ அழுங்க" என்றாள்.