ஒரு யன்னலும் இரண்டு மூக்குகளும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆங்கிலேயரின் இந்த நாட்டில் காலை வானொலியில் வானிலைக்குப் பிறகு இன்னொரு அறிவித்தலும் வரும். காற்றில் இன்று பூந்தாது எவ்வளவு என்று சொல்வார்கள். குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம். வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஊரில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு வானொலிக்கு முன்னால் இருந்தது மரண அறிவித்தலுக்கும் ஊரடங்குச் செய்திக்கும்தான். பூவிலிருந்து பறக்கும் தூளுக்குமா மினக்கெட்டு அறிவித்தல் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது மோர்டனில் எங்கள் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கையில் அந்த அறிவித்தல் வந்தால் என் மனைவி வசந்தி கையைக் காட்டி என் வாயை மூட வைக்கிறாள். "மிக அதிகம்" என்றால் வீட்டின் யன்னல்கள் அத்தனையும் அடுத்த நிமிடமே சாத்தப்படும். பெயர் வசந்தி, ஆனால் வசந்தம் மட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

யன்னலைச் சாத்தினால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்குக் காரணம் வேறு. முதன்முதலில் வந்தபோது டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே, நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். நிலத்தில் பழைய கார்ப்பெட், அதன்மேல் யாரோ கழித்துவிட்ட மெத்தைகள். குளிருக்குப் பயந்து யன்னலைத் திறப்பதே இல்லை. காலையில் எழும்பினால் தும்மல் தும்மலாக வரும். எல்லோரும் சளித் தடிமன் என்றார்கள், நானும் கொத்தமல்லியை அவித்து அவித்துக் குடித்தேன். ஆண்டுக்கணக்கில் ஒருவனுக்குத் தடிமன் இருக்குமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் என் கையில் ஊசியால் மெல்லக் கீறிப் பார்த்துவிட்டு "டஸ்ட் மைட்" என்றார். மைட் என்றால் "இருக்கலாம்" என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம். தூசியாக இருக்கலாம் என்கிறார், மனிதருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "எப்போது உறுதியாகத் தெரியும்?" என்று கேட்டேன். "உறுதிதான், மைட்" என்றார். "அப்படியானால் மைட் இல்லையா?" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு படத்தை எடுத்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியைப் பெருப்பித்துப் பிடித்த படம். மெத்தையிலும் தலையணையிலும் கார்ப்பெட்டிலும் இருந்துகொண்டு எங்கள் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று பிழைக்கிறதாம். அதன் எச்சம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதை வசந்திக்குச் சொன்னேன். அவள் அப்போது யாழ்ப்பாணத்தில் தன் தமையன் வீட்டில் இருந்தாள். என் படுக்கைக்குள் ஆயிரக்கணக்கில் பூச்சிகள் இருக்கின்றன என்றேன். அவள் சொன்னாள்.

"அப்ப நீங்கள் அங்க தனியப் படுக்கேல்லை. நான்தான் இஞ்ச தனியப் படுக்கிறன்."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலியாணம் முடிந்து இரண்டு மாதங்கூட ஆகாமல் நான் புறப்பட்டிருந்தேன். இரண்டு மூன்று மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அகதி வழக்கு இழுபட்டு, மேல்முறையீடு இழுபட்டு, அவள் இங்கே வந்து சேர ஆறு வருடமாகிவிட்டது. விமான நிலையத்தில் கண்டபோது இரண்டு பேருமே கொஞ்சம் வயதாகி, கொஞ்சம் அந்நியமாகி நின்றோம். காரில் ஏறியபிறகு அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "இனி என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ." ஓம் என்றேன்.

வந்து சில வருடம்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மோர்டனில் வீடு வாங்கி, பின்னால் ஒரு துண்டு புல்தரையும் கிடைத்த பிறகுதான் கண் கடிக்கத் தொடங்கியது. ஊர்ப் பழக்கத்தில் போர்வைகளையும் தலையணைகளையும் வெயிலில் காயப்போடுவாள். அதில் என்னுடைய பூச்சிகள் செத்தனவோ இல்லையோ, அவளுடைய பூந்தாது மூட்டையாக உள்ளே வந்தது. இதற்கு ஹே ஃபீவர் என்று பெயர். வைக்கோலும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. அன்றிலிருந்து எங்கள் படுக்கையறை யன்னலுக்கு நிம்மதி போய்விட்டது. அறைக்குள் ஈரக்காற்று அடைபட்டால் என் பூச்சிகள் பெருகும் என்று நான் திறப்பேன். அவள் சாத்துவாள். நான் கொஞ்சமாகத் திறப்பேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தும்முவாள்.

ஒரு ஜூன் மாதம் அவளுக்கு இழுப்பும் தொடங்கியது. இரவில் நெஞ்சு விசில் அடித்தது. கிளினிக்கில் இருந்த நர்ஸ் நல்ல பெண், மூக்குக்கு அடிக்கும் மருந்தை எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டித் தந்தாள். எங்கள் யன்னல் கதையைக் கேட்டுவிட்டு, கோடை முடியும்வரை வேறு வேறு அறைகளில் படுத்தால் என்ன என்று கேட்டாள். வசந்தி "நோ" என்றாள். ஏன் என்று கேட்டதற்கும் அதே "நோ"தான். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணை இவன் ஏதும் வெருட்டி வைத்திருக்கிறானோ என்ற சந்தேகம் இருந்தது.

ஆனால் அவள் மூச்சுக்குக் கஷ்டப்படுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு சனிக்கிழமை என் மெத்தையைத் தூக்கி முன்பக்கச் சின்ன அறைக்குள் போட்டேன்.

"ரெண்டு மூண்டு கிழமைக்குத்தானப்பா" என்றேன்.

"அப்பவும் ரெண்டு மூண்டு மாசம் எண்டு சொல்லித்தானே போனனீங்கள்" என்றாள் அவள்.

பத்தடி தூரந்தான். அந்தப் பத்தடியை என்னால் அவளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அவள் சமைத்தாள், பரிமாறினாள், தன் தட்டோடு உள்ளே போய்விட்டாள். நானும் மருத்துவம் என்று சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் பிரையன் என்று ஒரு வயதான மனிதர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். முன்வீதியைப் பார்த்த சின்ன அறைக்குள் நான் மெத்தையை நிமிர்த்தியதை அவர் கண்டிருக்கிறார். குப்பை போட வெளியில் வரும் வசந்தியின் சிவந்த கண்களையும் நாள்தோறும் கண்டிருக்கிறார். நான் மின் வயரிங் வேலை முடிந்து வான் வண்டியிலிருந்து இறங்கும்போது ஒருநாள் வழிமறித்தார். கை நிறைய, தன் தோட்டத்திலிருந்து வெட்டிய பூக்கள். "எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று தொடங்கினார். "என்ன சண்டை என்று நான் கேட்கப்போவதில்லை. இதைக் கொடுத்து மன்னிப்புக் கேள். வீட்டில் தனியாகப் படுப்பது லேசான காரியம் இல்லை. நீயாகத் தேடிக்கொள்ளாதே." மறுத்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது, மனம் இல்லை. அந்தப் பூவைக் கொண்டு உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்த வசந்தி பூவைக் கண்டதும் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு தும்மினாள், தும்மிக்கொண்டே அழுதாள். அவள் முகத்தில் எது ஒவ்வாமை, எது அழுகை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"அந்த மனுசனுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை" என்றாள்.

நான் பூக்களைப் பின்வாசலுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரில் வைத்தேன். அன்றே மெத்தை திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வாரம் படுக்கையறைக் கார்ப்பெட்டைக் கிளப்பினேன். ஊரார் வீட்டுக் கார்ப்பெட்டை எல்லாம் வயர் இழுக்கக் கிளப்பியவன், என் வீட்டில் அதைத் தொடாமல் இத்தனை வருடம் தும்மிக்கொண்டு கிடந்திருக்கிறேன். கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே கொண்டுபோகப் பிரையன்தான் ஒரு முனையைப் பிடித்தார். அப்போது அவருக்கு உண்மையைச் சொன்னேன். மனிதர் கழுத்துவரை சிவந்துபோய், எத்தனை தரம் ஸொறி சொன்னார் என்று கணக்கில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத உறை போட்டோம். படுக்கை விரிப்புகள் இப்போது அறுபது பாகை சூட்டில் தோய்ந்து, வீட்டுக்குள்ளேயே காய்கின்றன. யன்னலைச் சாத்திவிட்டு, சுவரில் துளை போட்டு, வடிகட்டி வைத்த ஒரு மின்விசிறி பூட்டினேன். காற்று வரும், பூந்தாது வராது. எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இருவரும் இன்னும் தும்முகிறோம். ஆனால் ஒரே அறையில் தும்முகிறோம். பிரையன் புல் வெட்டுமுன் வந்து கதவைத் தட்டி, "இன்றைக்கு வெட்டலாமா?" என்று வசந்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை எடுக்கிறார். இந்த நாடு எங்களை வருடக்கணக்கில் வாசலில் காக்க வைத்தது, அதை மறக்கவில்லை. அதே நாட்டில்தான் ஒரு டொக்டர் என் தும்மலுக்குப் பெயர் சொன்னார், ஒரு நர்ஸ் என் மனைவிக்காக என்னைச் சந்தேகப்பட்டாள், ஒரு மனிதர் தன் பூவை வெட்டித் தந்தார். நன்றி என்ற சொல்லை நான் இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

போன ஓகஸ்டில் ஊருக்குப் போனோம். வசந்தியின் தமையன் வீடு. சீமெந்துத் தரை, பாய், திறந்து கிடக்கும் யன்னல்கள். எங்கள் இருவருக்கும் ஒரு தும்மல் இல்லை. சொந்தங்கள் வந்து நிறைந்த வீட்டில் ஆம்பிளைகளுக்குக் கூடம், பொம்பிளைகளுக்கு உள் அறை. அதை யாரும் எங்களிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பாய்கள் தாமாகவே அப்படி விரிந்துகொண்டன. நான்காம் நாள் காலை நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"மூச்சு எப்பிடி?" என்று கேட்டாள்.

"வலு சுகம். உமக்கு?"

"எனக்கும்தான். மூக்கு இருக்கிறதே தெரியேல்லை."

கோப்பையைத் தந்துவிட்டும் போகாமல் நின்றாள். பிறகு அண்ணிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எப்பயப்பா நாங்கள் வீட்டை போறது?"

அவள் அதைக் கேட்டது, தான் பிறந்து வளர்ந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டு.